பதில் சொல்லாத சந்தை

1

'கொத்தடிமை' என்ற சொல்லைத் தேடினேன். 11 இடத்தில் இருப்பதாகக் கணினி காட்டியது. எனக்குச் சந்தேகம். அந்த வாக்குமூலங்களில் பாதியைத் தட்டச்சு செய்தவனே நான்தான். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கிடந்து மீண்ட பெரியவர்கள் சொன்னவை அவை. ராத்திரி உட்கார்ந்து பக்கம் பக்கமாக விரல் வைத்து எண்ணினேன். 26 இடத்தில் இருந்தது. மீதி 15 இடமும் கண்ணெதிரே கிடக்கிறது, கணினிக்கு மட்டும் தெரியவில்லை.

காரணம் ரொம்பச் சின்னது. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் ரெண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பின்னால் ஒகரத்துக்கான ஒரே குறியை வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். யூனிகோடு விதியும் ரெண்டையும் ஒன்றாகவே கொள்ளச் சொல்கிறது. நாங்கள் மூன்று பேர் மூன்று விதமான விசைப்பலகையில் அடித்திருந்தோம். பழைய எழுத்துருவில் இருந்ததை மாற்றியும் சேர்த்திருந்தோம். ரெண்டு விதமும் கலந்து கிடந்தது. நாங்கள் பயன்படுத்திய மென்பொருளுக்கு அந்த விதி தெரியவில்லை.

அது திறமூல மென்பொருள். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அனுப்பி வைக்கலாம். நான் டிப்ளமோ படித்தவன், கொஞ்சம் நிரல் எழுத வரும். தேடும் சொல்லையும் தேடப்படும் பக்கத்தையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான். 14 வரி. வேலைக்குப் போய்விட்டு வந்து ரெண்டு வாரம் ராத்திரியில் எழுதி, ஒரு தோழரிடம் கொடுத்து இங்கிலீஷைச் சரிபார்த்து, 2019 ஜூனில் அனுப்பினேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சாதாரணமானதில்லை. அங்கே யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஊரில் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அப்பா என்ன பண்றார் என்று கேட்கவில்லை. நிரலை மட்டும் கொடு என்றார்கள். இப்படி ஒரு இடத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை.

காத்திருந்தேன். ஒரு மாசம். மூணு மாசம். நடுவில் ரெண்டு தடவை பணிவாக ஞாபகப்படுத்தினேன். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஒருநாள் தானியங்கி ஒன்று வந்து அறிவித்தது: நெடுநாளாக அசைவு இல்லையாம், அதனால் மூடிவிட்டதாம். அசையாமல் உட்கார்ந்திருந்தது யார்? மூடப்பட்டது யாருடையது?

அது எந்த மென்பொருள் என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒருத்தரைக் குறை சொல்லி ஆகப்போவது எதுவுமில்லை. ஆனால் இந்த உலகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற கதை ஒன்று இருக்கிறது. அதை உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

2

அந்தக் கதையின் மூலப்பிரதி எரிக் ரேமண்ட் எழுதிய 'பேராலயமும் சந்தையும்' என்ற கட்டுரை. 1997 மே மாதம் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் வாசிக்கப்பட்டது. 1999ல் புத்தகமாக வந்தது. மென்பொருள் செய்வதில் ரெண்டு வழி என்கிறார் ரேமண்ட். ஒன்று பேராலய வழி. விவரம் தெரிந்த சிலர் கதவைச் சாத்திக்கொண்டு கட்டுவார்கள், முடிந்த பிறகுதான் ஊருக்குக் காட்டுவார்கள். இன்னொன்று சந்தை வழி. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் தொடங்கிய லினக்ஸ் இப்படி வளர்ந்ததுதான். அரைகுறையாக இருக்கும்போதே வெளியே விடு. பயன்படுத்துகிறவர்களையே கூட்டாளி ஆக்கு. பல பேர் பார்த்தால் எந்தப் பிழையும் ஒளிந்திருக்க முடியாது. இதுதான் சாரம்.

இந்தப் பிரதி செய்த நல்லதை மறுக்க முடியாது. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் நிரலைத் திறந்துவிட முடிவெடுத்ததில் இதற்கும் பங்கு உண்டு. சாத்திய கதவுக்குள் செய்வதுதான் தரம் என்றிருந்த பொதுப்புத்தியை இது உடைத்தது. ரேமண்ட் வெறும் உபதேசியும் இல்லை. ஃபெட்ச்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளைத் தானே சந்தை வழியில் நடத்திப் பார்த்து எழுதினார். பயனர் ஒருவர் அனுப்பிய நிரல்தான் அதன் போக்கையே மாற்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறார்.

ஆனால் எந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு பிரதி எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ரேமண்ட் எழுதுவது வாங்கி வைக்கிறவரின் இடத்திலிருந்து. அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர் அதில் பேசவே இல்லை. உதவ வருகிறவர்களை மதிக்கச் சொல்கிறார், உண்மைதான். எதற்காக மதிக்க வேண்டும்? மதித்தால் உனக்குப் பயன்படும் பெரிய வளமாக ஆவார்கள் என்பதற்காக. வளம்! ஆத்து மணலும் வளம்தான். அதுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எங்க அம்மா வாரச்சந்தையில் கீரை விற்றவர். சந்தை எல்லாருக்கும் திறந்ததுதான், யாரும் மறிக்க மாட்டார்கள். ஆனால் சந்தைக்குக் குத்தகைதாரர் உண்டு. ஊராட்சியில் ஏலம் எடுத்தவர். கூடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவார். யார் புளியமரத்து நிழலில் உட்காரலாம், யார் சாக்கடை ஓரம் என்பதும் அவர் வாய்ச்சொல்தான். "இடம் மாத்திக் குடுன்னு கேட்டா திட்டமாட்டான்டா. காதுலயே விழாத மாதிரி போய்டுவான்" என்பார் அம்மா. ரேமண்டின் சந்தையில் நான் தேடியது அந்தக் குத்தகைதாரரைத்தான். ஏனென்றால் லினக்ஸிலும் எது உள்ளே வரும், எது வராது என்று முடிவு செய்ய ஆள் உண்டு. பராமரிப்பாளர் என்று பெயர். எந்தத் திறமூலத் திட்டத்திலும் சாவி அவர் கையில்தான்.

1998ல் எழுதிய இன்னொரு கட்டுரையில் ரேமண்டே இந்தச் சாவியைப் பற்றிப் பேசுகிறார். ஒரு திட்டம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு, ஜான் லாக்கின் நில உடைமைக் கோட்பாட்டை அதற்கு ஒப்பாக வைக்கிறார். தொடங்கியவருக்குச் சொந்தம். அவர் கைமாற்றித் தந்தவருக்குச் சொந்தம். கேட்பாரற்றுக் கிடந்தால் எடுத்துப் பண்படுத்தியவருக்குச் சொந்தம். முதலில் வேலி போட்டவனுக்கே நிலம் என்ற கதையை வேறு யாரிடமாவது சொல்லலாம், நம்மிடம் சொல்லலாமா? உழைப்புக் கொடுத்தவர்களுக்குப் பேரும் புகழும் கிடைக்கும் என்கிறார். பேர் கிடைப்பது இருக்கட்டும். நட்ட நாத்தைப் பார்த்தாயா இல்லையா என்று கேட்கிற உரிமை கிடைக்குமா?

3

மறுத்துவிட்டால் சண்டை போடலாம். காரணம் கேட்கலாம். திருத்தி மறுபடி அனுப்பலாம். மௌனத்தோடு எப்படிச் சண்டை போடுவது? தப்பு என் நிரலிலா, என் இங்கிலீஷிலா, என் பேரிலா, இல்லை அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையா? ஒண்ணும் தெரியாது. தெரியாதபோது நம்மைப் போன்றவர்கள் முதலில் சந்தேகப்படுவது நம்மையே. 'நமக்கு இதெல்லாம் வராதுபோல' என்று ஒதுங்கிவிடுவோம். அப்படி ஒதுங்கியவர்கள் எத்தனை பேர் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

கொஞ்சம் வருகிற ஒரு கணக்கு மோசில்லாவில் எடுத்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்கிற அந்த அமைப்பில், 2010களின் தொடக்கத்தில், புதியவர்கள் திரும்பி வருகிறார்களா என்று பார்த்தார்கள். முதல் திருத்தத்துக்கு 48 மணி நேரத்துக்குள் மதிப்பீடு கிடைத்தவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள். 7 நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் அநேகமாக ஒருவர்கூட வரவில்லை. 7 நாள்! நான் ஒரு வருஷம் காத்திருந்தேன் என்று நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

பெரிய கைகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2002 ஜனவரியில், அனுப்புகிற ஒட்டுகள் டோர்வால்ட்ஸிடம் போய்ச் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன என்று லினக்ஸில் பெரிய சண்டை வந்தது. பேட்ச் என்று சொல்வதைத்தான் ஒட்டு என்கிறேன், கிழிசலுக்குப் போடுகிற ஒட்டு மாதிரி. பதில் இல்லையா, மறுபடி அனுப்பு. மறுபடியும் இல்லையா, மறுபடியும் அனுப்பு. அதுதான் அன்றைய நடைமுறை. ஒட்டுகளை வாங்கி ஒழுங்குபடுத்தித் தனியாக ஒருவர் கவனிக்கட்டும் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. குறை சொன்னவர்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் இருந்தார்கள். அந்த வருஷமே பிட்கீப்பர் என்ற கருவியை டோர்வால்ட்ஸ் எடுத்துக்கொண்டார். 2005ல் கிட் என்ற கருவியைத் தானே எழுதினார். சத்தம் போட ஆள் இருந்ததால் வழி பிறந்தது.

ஜிசிசி என்ற கம்பைலரில் வேறு மாதிரி ஆனது. வெளியிலிருந்து வந்த மேம்பாடுகள் உள்ளே போகாமல் தேங்கின. பொறுக்கமாட்டாதவர்கள் 1997ல் இஜிசிஎஸ் என்று தனியாகப் பிரிந்தார்கள். ரெண்டே வருஷம். 1999 ஏப்ரலில், பிரிந்து போனதையே அதிகாரபூர்வமான ஜிசிசியாக ஏற்க வேண்டி வந்தது.

இதைக் காட்டித்தான் நம்மிடம் சொல்வார்கள்: "பிடிக்கலையா? நிரலை எடுத்துட்டுப் போய்த் தனியா நடத்திக்கோ." இந்த உரிமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் யாருக்கு அது உரிமை? இஜிசிஎஸ் நடத்தியவர்கள் அந்தத் தொழிலிலேயே ஊறியவர்கள். அவர்களில் பலருக்குச் சம்பளம் கொடுக்க நிறுவனம் இருந்தது. 14 வரி அனுப்பியவன் லட்சக்கணக்கான வரிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கே போவான்? வெளியே போகிற உரிமையை மட்டும் கொடுத்துவிட்டு, உள்ளே வருகிறவன் சொல்வதைக் காதில் வாங்காமல் இருந்தால், அந்த வாசலுக்கு என்ன பேர்?

பிரிந்து போனவர்களில் என்னை யோசிக்க வைத்தவர்கள் லிப்ரேஆஃபீஸ்காரர்கள். ஓப்பன்ஆஃபீஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010 ஜனவரியில் ஆரக்கிள் வாங்கியது. அந்த வருஷம் செப்டம்பர் 28ல் தன்னார்வலர்கள் பிரிந்து லிப்ரேஆஃபீஸைத் தொடங்கினார்கள். அந்த நிரல் பிறந்தது ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தில். அதனால் நிரலுக்குள் எழுதி வைத்த விளக்கக் குறிப்புகள் ஏராளமாக ஜெர்மன் மொழியில் கிடந்தன. நிரல் திறந்தே இருந்தது, ஆனால் ஜெர்மன் தெரியாதவனுக்கு அது பூட்டிய வீடு. இவர்கள் அந்தக் குறிப்புகளை ஆங்கிலமாக்கும் வேலையைப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் நடந்தது. எளிய வேலைகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டு, எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று குறித்து வைத்தார்கள். நிரல் எழுத வராவிட்டாலும் ஜெர்மன் தெரிந்தால் போதும், உள்ளே வரலாம். வாசல் திறந்திருக்கிறது என்று பலகை மாட்டுவது ஒரு வேலை. வருகிறவன் கையில் முதல் வேலையைக் கொடுப்பது வேறு வேலை.

4

'இங்கே தகுதி மட்டும்தான் பேசும்.' திறமூலக்காரர்கள் பெருமையாகச் சொல்லிவந்த வாசகம் இது. தகுதி, திறமை என்ற சொற்கள் நம் காதுக்குப் புதுசில்லை. யார் எப்போது சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். தகுதியாட்சி என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல், 1958ல் மைக்கேல் யங் கிண்டலாக எழுதிய நூலின் வழியாகப் பரவியது. கிண்டல் காணாமல் போய், சொல் மட்டும் மாலை மரியாதையோடு உலா வருகிறது. கிட்ஹப் நிறுவனம் தன் அலுவலகத்துத் தரைவிரிப்பிலேயே அதைப் பொறித்து வைத்திருந்தது. எதிர்ப்பு வந்த பிறகு 2014ல் சுருட்டி எடுத்துவிட்டது.

தகுதி மட்டுமா பேசுகிறது? 2017ல் வெளியான ஓர் ஆய்வு கிட்ஹப்பில் வந்த திருத்தங்களை எடுத்துப் பார்த்தது. மொத்தத்தில் பெண்கள் அனுப்பியவை ஆண்கள் அனுப்பியவற்றைவிட அதிகமாகவே ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் அனுப்பியவர் அந்தத் திட்டத்துக்கு வெளியாளாக இருந்து, பெண் என்று அடையாளமும் தெரிந்தால், ஆண்களுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நிரலை மட்டும் பார்க்கிறோம் என்று சொன்ன கண்கள் பேரையும் பார்த்திருக்கின்றன.

என்னிடம் யாரும் ஊர் கேட்காததை நான் சமத்துவம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. யார் என்று கேட்காத இடத்தில், யாருக்கும் பதில் சொல்லும் பொறுப்பும் இல்லாமல் போகலாம். எனக்கு ரெண்டாவதும் வேண்டும்.

5

இதுவரைக்கும் வாசித்த தோழர்கள், பராமரிப்பாளரை நான் வில்லனாக்குகிறேன் என்று நினைக்கலாம். அவர் பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்இசட் என்று ஒரு மென்பொருள். கோப்புகளைச் சுருக்கிச் சேமிக்க உதவுவது. லினக்ஸ் ஓடுகிற இடத்தில் எல்லாம் அநேகமாக அது இருக்கும். அதை ஒரே ஒருவர், சம்பளம் இல்லாமல், வருஷக்கணக்கில் கவனித்து வந்தார். 2022ல் முன்பின் தெரியாத சில பேர்கள் வந்து ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு என்று நெருக்கினார்கள். இது கூலியில்லாத வேலை என்று அவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. அதே காலத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக நல்ல ஒட்டுகளாக அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்குச் சாவியில் பங்கு கிடைத்தது. 2024ல் அந்தச் சாவியால் ஒரு திருட்டு வாசல் உள்ளே வைக்கப்பட்டது. உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று நோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், மார்ச் 29ல் அதை அம்பலப்படுத்தினார். நெருக்கடி கொடுத்த பேர்களும் அந்தச் சதியைச் சேர்ந்தவையே என்றுதான் பலரும் கருதுகிறார்கள்.

'பதில் சொல்லு' என்ற நியாயமான கேள்வியே ஒரு தனி மனுஷனை உடைக்கும் ஆயுதமானது. அந்த மென்பொருளை வைத்துச் சம்பாதித்த நிறுவனங்கள் ஏராளம். சுமை ஒருத்தர் தோளில்.

மாணவத் தோழர்களுக்கு இன்னொன்று. 2020 அக்டோபரில், நாலு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் நடத்திய விழாவில், ஒரு சொல்லை மாற்றி, ஒரு வரி சேர்த்துக் குப்பை குப்பையாக அனுப்பினார்கள். நம் நாட்டு மாணவர்களும் அதில் இருந்தார்கள். மூன்றாம் நாளே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த மாசம் உண்மையான ஒட்டு ஒன்றை அனுப்பிய புதியவர் அந்தக் குப்பைக்கு அடியில் புதைந்துபோயிருப்பார். அதுக்கு நாமும்தானே பொறுப்பு?

6

இப்போது என் வாக்குமூலம்.

2021ல் நானும் ரெண்டு தோழர்களும் ஒரு சொற்பட்டியல் தொடங்கினோம். வயல் வேலை, தோல் வேலை, பறை, சமையல் என்று எங்கள் பக்கத்துச் சொற்களைச் சேர்த்து, எழுத்துப்பிழை திருத்திகள் அவற்றைத் தப்பு என்று சிவப்புக் கோடு போடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. எல்லோரும் சேர்க்கலாம் என்று திறந்துவிட்டோம். சாவி என்னிடம். ஒரு கல்லூரி மாணவி, நடவு, களையெடுப்பு, அறுப்பு சம்பந்தமாகத் தன் பாட்டியிடம் கேட்டு எழுதிய சொற்களை அனுப்பினார். முந்நூறுக்கு மேல். அஞ்சு மாசம் நான் பதில் போடவில்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி அலைச்சல். எனக்கு வேலை மாறியது. பிறகு பார்க்கலாம், நிதானமாகப் பார்க்கலாம் என்று வைத்தேன். எல்லாம் உண்மையான காரணங்கள். சந்தைக் குத்தகைதாரருக்கும் ஏதாவது உண்மையான காரணம் இருந்திருக்கும்.

ஒருநாள் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. "அண்ணா, தப்பா இருந்தா தப்புன்னாவது சொல்லுங்க."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் திட்டிக்கொண்டிருந்த ஆள் நானாகவே ஆகியிருந்தேன். நான் நல்லவனா கெட்டவனா என்பது அந்தப் பெண்ணுக்கு எந்த விதத்திலும் உதவாது. ஒருத்தர் நல்ல மனசை நம்பி ஓடுகிற எதுவும், அவர் சோர்ந்த அன்றைக்கு நின்றுவிடும். விதிதான் வேண்டும்.

விதியை டெபியனிடம் கற்றுக்கொண்டோம். 1993ல் இயன் முர்டாக் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் பொறுப்பாளர் உண்டு. ஆனால் அவர் பதில் தராமல் இருந்தால், வேறொரு உறுப்பினர் முன்கூட்டித் தெரிவித்துவிட்டுத் திருத்தத்தைத் தானே ஏற்றலாம். காணாமல் போன பொறுப்பாளர்களைத் தேடி விசாரிக்கவே ஒரு குழு இருக்கிறது. முடியாதவர் தன் பொதியை அனாதை என்று அறிவித்துவிட்டு விலகலாம். அதில் அவமானம் இல்லை. முதலில் வேலி போட்டவனுக்கே நிலம் என்ற கதைக்கு நான் பார்த்த நல்ல பதில் இது.

நாங்கள் எழுதிக்கொண்டது இவ்வளவுதான். சாவி மூணு பேரிடம் இருக்கும், முறை வைத்துப் பார்ப்போம். வந்ததற்கு 7 நாளுக்குள் ஒருவர் பதில் எழுத வேண்டும். 'பார்த்தேன், இந்தத் தேதிக்குள் சொல்கிறேன்' என்றாவது எழுத வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிற எதையும் எங்கள் பக்கத் தாமதத்தைக் காட்டி மூடக் கூடாது. யாருக்கும் நேரமில்லை என்றால், இப்போதைக்கு வாங்குவதில்லை என்று வாசலில் எழுதிப் போட வேண்டும். அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொற்களில் நாலைந்து தவிர எல்லாம் சேர்ந்தன. மூன்று சாவிகளில் ஒன்று இப்போது அவரிடம். எங்களைவிட வேகமாகப் பதில் போடுகிறார்.

என் 14 வரி? ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அதை நானே எங்கள் மூன்று கணினியில் கையால் ஒட்டிக்கொள்கிறேன். எங்கள் பக்கங்களை ஒரே வடிவத்துக்கு மாற்றியும் வைத்துவிட்டோம். 'கொத்தடிமை' என்று தேடினால் 26 வருகிறது. வேறு ஊர்களில், வேறு கணினிகளில், இதே மாதிரி பெரியவர்கள் சொன்னதைச் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் தேடும்போது பாதி விடுபடலாம். விடுபட்டது என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் இந்த மாசம் அதைத் தூசி தட்டி, சோதனைகளும் சேர்த்து, மறுபடியும் அனுப்பப் போகிறேன். மேலே என் பேரை முழுசாக எழுதப் போகிறேன், ஊரோடு.